தீர்மானம் ஒன்று

கெமியார்வியில் டிசம்பர்.
ஒன்பது மணியாகியும் ஜன்னலில் இருட்டு.
பள்ளியின் பசுமைக் குழு கூடியிருக்கிறது;
தலைவி வில்யாவுக்கு எட்டு வயது,
முன்பல் இரண்டு இல்லை.

மணி அடிக்கும்வரை
நடைகூடத்து விளக்குகள் எரியக்கூடாது.
ஏழு கைகள் சட்டென்று மேலே.
ஆசிரியர் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

எட்டாவது கை
மேசைக்கடியில் கையுறையைப் பிசைந்தது.
"ரௌனி ஐந்தரைக்கே வந்து தரை துடைக்கிறாங்க"
என்றான் ஆர்ட்டு.
ரௌனி தன் அம்மா என்று சொல்லவில்லை.
கோட்டு மாட்டும் மூலையில்
எட்டு மணிவரை தான் தூங்குவதையும்.

பனிவாரி வண்டியொன்று
உறுமிக்கொண்டே தெருவைக் கடந்தது.
வில்யா எழுதியதை அடித்தாள்.
நாக்கைக் கடித்தபடி, பிழையோடு, மறுபடி எழுதினாள்:

ஒரு விளக்கு எரியளாம்.
எது என்று ரௌனியிடம் கேட்கனும்.