கால் சுற்று

செவ்வாய்ப்பேட்டையில் என் மேசைத் தராசு
பத்து மில்லிகிராமுக்கும் பதில் சொல்லும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
அதனிடம் பேச வேண்டும்.
கொலுசும் சலங்கையும் திருகாணியும் தவிர
வேறெதையும் பார்த்திராத அதன் முன்னால்
பெனிட்டா ஒரு பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்தாள்.
நாற்பது ஈயக் குண்டுகள். நீளமானவை, மூக்கு மழுங்கியவை.

"எல்லாம் ஒரே அச்சு.
ஒரே அச்சுன்னா ஒரே எடைதானே?"

சிரித்தேன்.
ஒரே அச்சில் வார்த்த வெள்ளி முத்துகளில்
ஒரு ஜோடிகூட ஒத்துவராமல்
ராத்திரி பதினொன்றுவரை உட்கார்ந்தவள் நான்.

இருபத்து நாலு கிராம். இருபத்து நாலு.
இருபத்து மூன்றரை.
இருபத்து நாலும் ஒரு துளியும்.
இருபத்து மூன்று நாற்பதை
வெட்டுக் கத்தரியால் இரண்டாக்கினேன்.
உள்ளே கடுகளவு காற்று
வழவழவென்று உட்கார்ந்திருந்தது.
ஈயம் சூடு பத்தவில்லை,
ஊற்றும்போது கை ஒரு மூச்சு நின்றிருக்கிறது.
மூன்று கிண்ணங்களில் பிரித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவில்
எட்டாவதிலேயே எனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படும்.

நாகலூர் தாண்டி அவள் தோட்டம்.
அவள் அப்பாவின் துப்பாக்கி,
இப்போது லைசென்ஸ் அவள் பெயரில்,
அதற்குக் கலெக்டர் ஆபீசுக்கு ஆறு நடை.
வாய் வழியாகவே எல்லாம் சாப்பிடும் துப்பாக்கி:
முதலில் மருந்து, பிறகு குண்டு,
பிறகு இடிகோல் ஒரு நெடிய அமுக்கல்.

கைவிட்ட பாக்சைட் குழியின் சிவப்பு மண்சுவரில்
போன வருடத்து டிசம்பர் தாள், முதுகு காட்டி.
ஐம்பது மீட்டர்.
ஐந்து முறை வெடித்தது.
புகை பனிமூட்டத்தோடு கலந்து
சில்வர் ஓக் நடுவே அழுகிய முட்டை நாற்றமாக நின்றது.

தாளில் நாலு ஓட்டைதான்.
ஒன்று மூலையில், இரண்டு ஆளுக்கொரு திசையில்.
வட்டமாக ஒன்றும் இல்லை,
பூட்டுத் துவாரம் மாதிரி நீண்டிருந்தன.
குண்டு படுத்துக்கொண்டே போயிருக்கிறது.

"உன் தராசு..." என்றாள்.
"தராசைச் சொல்லாதே" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

முதலாளி மாதேஸ்வரன் ஒரு மாதமாகச் சொல்லிவந்தது அது.
என் பொட்டலம் அவர் மேசையில் கால் கிராம் தவறுகிறதாம்.
சில நாள் கூட, சில நாள் குறைவு.
குறைவு மட்டும் என் பெயரில் எழுதப்படும்.

இடிகோல் நுனியில் துணியை இறுகச் சுற்றி
அடிவரை இறக்கினோம்.
கைப்பிடியில் என் நெயில் பாலிஷால்
உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி.
மெதுவாக இழுத்தாள்.
குழலின் உள்வரிகள் பிடித்துத் திருப்ப
கோல் தானாகத் திரும்பியது அவள் விரல்களுக்குள்.
பதினாறரை அங்குலம் வெளியே வந்தபோது
உச்சிப் புள்ளி வலப்பக்கம் வந்து நின்றது.
கால் சுற்று.

முழுச் சுற்றுக்கு அறுபத்தாறு அங்குலம்.
குழலே அவ்வளவு நீளம் இல்லை.
நீளக் குண்டுக்கு வேகச் சுழற்சி வேண்டும்,
இல்லையென்றால் சாட்டை போதாத பம்பரம்போலத்
தலையாட்டித் தலையாட்டிச் சாயும்.
இந்தத் துப்பாக்கி கேட்டது உருண்டையை.
யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் உருண்டை அச்சு வாங்கினாள்.
பதினொன்றரை கிராம், ஒவ்வொன்றும் நான் நிறுத்தது.
என் ஜாக்கெட் லைனிங் துணி வட்டங்களில்
தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் தடவிப் பொதிந்து,
ஒவ்வொரு வெடிக்கும் குழலைத் துடைத்து.
நாலு ஓட்டைகள்.
ஒரு மசால் வடையால் மூடிவிடலாம்.

ஐந்தாவது நாலு விரற்கடை தள்ளிக் கீழே.
பெனிட்டா தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.
நான் ஒதுக்கிவைத்த காற்றுக் குமிழிக் குண்டு ஒன்றை
வேண்டுமென்றே போட்டிருக்கிறாள், கள்ளி.
போன மாதமென்றால்
அதையும் கூட்டத்தில் ஒன்றாக எண்ணியிருப்போம்.

திங்கட்கிழமை மாதேஸ்வரன்
என் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்தார்.
ரசீதுப் புத்தகத்தின் ஓரம்
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
எண் ஏறியது, இறங்கியது.
அவர் பேனாவைத் திறந்தார்.

எழுந்து போய்
அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தினேன்.

"என்னம்மா, வேர்க்குது" என்றார்.
"வேர்க்கட்டும்" என்றேன்.
"எண்ணைப் பாருங்க."