முகம் குப்புற

ஜம்பட்டா வீதியில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை.
முதலாளி தேத்தண்ணிக்குப் போனால் கடையே நான்தான்.

தவணை முடிகிற கிழமையில்
சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளின் ரிப்போர்ட் எல்லாம்
இந்தக் கண்ணாடிமேல்தான் முகம் குப்புறப் படுக்கும்.
வெளிச்சம் ஒரு தரம் ஓடித் திரும்பும்.
பேக்கரிக்காரர் மகன் விஞ்ஞானத்தில் எழுபத்தெட்டு.
மேல்மாடி இரட்டையரில் ஒருத்தி கணிதத்தில் தவறிவிட்டாள்,
அழுதது மற்றவள்.
யாரிடமும் சொன்னதில்லை.
பக்கத்துக்குப் பத்து ரூபாய்,
வாய் மூடியிருப்பதற்குக் காசில்லை.

என் டெல்சியாவின் ரிப்போர்ட் மட்டும்
இந்தப் பக்கம் வந்ததே இல்லை.
"இன்னும் தரலம்மா" என்பாள்
பாணுக்குள் சம்பலை வைத்து மடித்தபடி.
பெற்றோர் கூட்டம் எப்போதும் புதன்கிழமை பத்தரைக்கு.
பத்தரைக்குத்தான் இங்கே கோர்ட்டுக் கட்டுகள் வரும்.
வகுப்பு வாட்ஸப்பில் எழுபது செய்தி,
அறுபத்தொன்பது "நன்றி மிஸ்".
தம்புள்ளைக்கு லொறி ஓட்டுகிற மனுசன்
இரவு போனில் கேட்பார்: "புள்ள எப்படிப் படிக்குது?"
"நல்லாப் படிக்குது" என்பேன்,
மழை வருமா என்றால் வரும் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை, மூடப்போகிற நேரம்.
குடை சொட்டச் சொட்ட ஒரு மிஸ்.
தரம் ஏழு பி, புள்ளிப் பட்டியல், மூன்று பிரதி.
இருபத்தேழாவது வரியில்
என் பிள்ளையின் பெயர்.

பெருவிரலால் அந்த வரியை மறைத்தேன்.
ஏனென்று இன்றைக்கும் தெரியாது.
ஊர்ப்பிள்ளைகளின் புள்ளியெல்லாம் பார்த்த கண்தானே இது.
குப்புறப் போட்டு மூடியை அழுத்தினேன்.
மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது.

"மிஸ்... நான் டெல்சியாட அம்மா."

"மூன்று கடிதம் தந்தனுப்பினேனே,
மூன்றிலும் கையெழுத்து வந்ததே,
நல்ல அழகான கையெழுத்து."

என் கையெழுத்து அழகாக இராது.
எங்கள் வீட்டில் யாருடையது அழகென்று
இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று.
மிஸ்தான் முதலில் சிரித்தார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
கணிதம் முப்பத்தொன்று. பூசி மெழுகவில்லை அவர்.
ஆனால் பின்னக் கணக்கைப்
பக்கத்துப் பிள்ளைக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.
சோதனைத் தாள் கைக்கு வந்தால் மட்டும்
பென்சில் சீவத் தொடங்குவாளாம்,
மணி அடிக்கும்வரை சீவுவாளாம்.
இதை எழுத ரிப்போர்ட்டில் கட்டம் கிடையாது.
"ஏழு மணிக்குப் பிறகு எடுங்கோ" என்று
சிக்கிக் கசங்கி விழுந்த தாளின் முதுகில்
நம்பர் எழுதினார்.
முப்பது ரூபாயை நான் எடுக்கவில்லை.
அவரும் திருப்பி எடுக்கவில்லை.

இரவு கோப்பை கழுவும்போது கேட்டேன்:
"இந்தத் தவணை எத்தனை பென்சில் முடிஞ்சுது?"
தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காததுபோல் நின்றாள்.
பிறகு பையைக் கொண்டுவந்து
நகமளவு துண்டுகளை ஒவ்வொன்றாக
சிங்க் ஓரத்தில் வைக்கத் தொடங்கினாள்.

போன் அடித்தது. தம்புள்ளையில் மழையாம்.
"புள்ள எப்படிப் படிக்குது?"

"இருங்க," என்றேன்,
"எண்ணிச் சொல்றன்."