இருநூறு கிராம்

டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ், மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுது என்று மன்னிப்புக் கேட்கிறார்கள்.
எதற்கு? டாக்டர் சொன்ன நடையில்
நாற்பத்தெட்டுப் படி கழிந்தது.

மாதத்தில் பாதி நாள் இப்படித்தான்:
மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்.
பையில் அரசாங்கத்தின் சோதனை எடைக்கற்கள்,
அவற்றுக்கடியில் என் வறுகடலை டப்பா,
துண்டில் சுற்றிய வெள்ளரிக்காய்.

இந்த ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மேல்
நல்ல பிள்ளையாய் இருப்பது சிரமம்.
கல்லில் கொத்தும் கரண்டிச் சத்தம்
ஜன்னல் வழி ஏறிவந்து
கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது.
நேற்று இறங்கிப் போனேன்.
இரண்டு இட்லி என்றுதான் சொன்னேன்.
நாலு சட்னி வந்தது. அப்புறம்
கறிதோசை வந்தது. யார் சொன்னது என்று
நான் விசாரணை நடத்தவில்லை.

விடிகாலை, தண்டனையாக,
தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று சுற்று.
மூன்றாவதில் பருத்திப்பால்காரர்
"கருப்பட்டி கம்மியாப் போடவா?" என்கிறார்,
முதல் சுற்றிலேயே முகத்தைப் படித்துவிட்டவர்.

பத்து மணிக்கு மாட்டுத்தாவணி.
வெங்காய மண்டித் தராசு
இருநூறு கிராம் கூடக் காட்டுகிறது.
எழுதிக்கொண்டிருக்கையில்
மூட்டை இறக்கும் ஒச்சப்பன் சொன்னார்:
"எங்க மூட்டையவே எத்தனை நாளைக்கு நிறுப்பீங்க,
நீங்க ஒருக்கா ஏறுங்க மேடம்."

மண்டியே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.
செருப்பைக் கழற்றினேன். பையை இறக்கினேன்.
பேனாவையும்.
சிவப்பு எண்கள் ஓடி, தயங்கி,
நின்றன.

இருநூறு கிராமைக் கழித்துக்கொண்டேன்.
சட்டப்படி அது என் உரிமை.
மீதியைத் திருமங்கலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.