விடுபட்ட புள்ளி

எதேரிக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு ஜார்ஜிய மொழியில்
அவள் பெயரை மட்டும் எழுத வரும்.
அதையும் முதல் தடவை தலைகீழாக எழுதிவிட்டேனாம்.
நாலு வருஷமாக
பாளையங்கோட்டைத் தபாலாபீசுக்கும் குத்தாயிசிக்கும் நடுவே
இருவருக்கும் அரைகுறையான ஆங்கிலத்தில்
நிப்பு, காகிதம், மழை, மணிக்கட்டு வலி.

போன ஐப்பசியில்
ஆற்றோரம் வெட்டிய நாணலைச் சீவி
ஆறு பேனா அனுப்பினேன்,
உடையாமலிருக்கப் பழைய தினசரியில் சுருட்டி.

பேனாக்கள் போய்ச் சேர்ந்தன.
சுருட்டிய தாளை அவள் எறியவில்லை.
அதில் கறுப்புக் கரை போட்ட ஒரு கட்டம்
அழகாயிருந்ததாம்.
என் நாணலாலேயே பெரிதாக எழுதி
எனக்கே அனுப்பியிருந்தாள்.

கல்லூரிச் சான்றிதழ்களில்
ஆயிரக்கணக்கில் பெயர் எழுதியவள் நான்.
இப்படி ஒரு 'னை' என் கைக்கு வந்ததில்லை.

முக்கூடல் பூ. புன்னைவனம்
(ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்)
இறைவனடி சேர்ந்தார்.

இதைச் சுவரில் மாட்டுவதா, பீரோவில் வைப்பதா?
ஒரு சனிக்கிழமை முக்கூடல் பஸ்ஸில் ஏறினேன்.

மகள் கோமு ரீசார்ஜ் கடையில் இருந்தாள்.
சுருளைப் பிரித்ததும்
காசு நீட்டியவனை, பொறவு வாங்கண்ணே, என்றாள்.
"யாரு எழுதுனது?"
"சிநேகிதி. வெளிநாட்டுக்காரி. தமிழ் படிக்கத் தெரியாது."
"தெரியாமலா எங்கப்பாவை இப்படி எழுதிருக்கா?"

தாளைத் தொடாமல்
எழுத்துகளின் மேலே விரலை ஓட்டிக்கொண்டே போனவள்
பெயரின் கடைசியில் நின்றாள்.
புன்னைவனம.
புள்ளி இல்லை.

நான் கவனிக்கவே இல்லை. எனக்குத்தான் வெட்கம்.
பையில் பேனா இருந்தது, மையும் இருந்தது.
"வச்சுரட்டுமா?"

"வேண்டாம்க்கா.
புள்ளி வச்சா வெறும் மெய்யி.
இப்ப உயிரும் சேந்துல்லா இருக்கு.
அப்படியே கெடக்கட்டும்."

ஊர் திரும்பி எதேரிக்கு எழுதினேன்:
அது ஒரு பஸ் கண்டக்டரின் பெயர்.
ஒரு புள்ளியை விட்டுவிட்டாய்.
மீதியைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

மாசியில் பதில் வந்தது.
ஒரு முழுத் தாள். எழுத்தே கிடையாது.
மேலிருந்து கீழ்வரை புள்ளிகள்,
சில கனத்து, சில காய்ந்து,
ஓரத்தில் ஒன்று மை கலங்கி.
மன்னிப்பாம்.
வேண்டுமளவு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

கையெழுத்து வாங்க நின்ற தபால்காரர்
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"என்னம்மா, அங்கயும் மழையோ?"