காலி வீதியின் அகலம்

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
பேனை முனையால் தொட்டுக் காட்டினார்:
இது சிரட்டை.
இது பின்னாலிருக்கிற குருத்தெலும்பு.
இந்த இடத்தில் தேய்ந்துவிட்டது.

சிரட்டை, குருத்து.
எனக்குள் ஒரு தென்னை நின்றிருக்கிறது.
ஸ்கேனுக்கும் சனலுக்குமாய் முப்பத்தெட்டாயிரம் கொடுத்து
நாற்பத்திநாலு வயதில் அறிந்துகொண்டேன்.
குருத்தென்றால் திரும்ப வருந்தானே என்றேன்.
இது வராத குருத்து என்றார்,
அடுத்த நம்பருக்கு மணியை அழுத்தியபடி.

நான் பெரிய ஓட்டக்காரி இல்லை.
கொள்ளுப்பிட்டியில் காப்புறுதிக் கந்தோர்,
வாகன விபத்துக் கோரிக்கைகள் வந்து குவிகிற மேசை.
முப்பத்தெட்டு வயதில் தொடங்கினேன்:
வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து
இராமகிருஷ்ண வீதி முடக்கு மட்டும்.
பிறகு பம்பலப்பிட்டி. பிறகு காலிமுகத்திடல்.
பிறகு ஒருநாள் ஒருவருக்கும் சொல்லாமல்
மொரட்டுவை வரை ஓடிப்போய்
நூற்றியோராம் இலக்க பஸ்ஸில் திரும்பினேன்.
என் வியர்வையைக் கண்ட கொண்டக்டர்
மிச்சக்காசை எட்ட நின்றே நீட்டினான்.

விடிய ஐந்தேகாலுக்கு மரைன் டிரைவில் மூன்று பேர்.
சுபஹுத் தொழுதுவிட்டு ருஸைனா,
வாழைப்பழத்தை மென்றுகொண்டு இனோகா, நான்.
ஐந்து இருபது ரயில் எங்களைத் தாண்டும்வரை பேசமாட்டோம்.
தாண்டியபின் பேச மூச்சிராது.

பதினோராவது வாரம், ஞாயிற்றுக்கிழமை,
இருபத்திரண்டாவது கிலோமீற்றரில்
தெஹிவளைப் பாலத்தால் இறங்கும்போது
உள்ளே ஒரு சத்தம்,
யாரோ முறுக்குக் கடித்ததுபோல.
அதற்குமேலும் ஆறு கிலோமீற்றர் ஓடினேன்.
அந்த ஆறை டொக்டரிடம் சொல்லவில்லை.
விபத்தின் பின்னும் வாகனத்தை ஓட்டிச் சென்றால்
கோரிக்கை நிராகரிக்கப்படும்:
எத்தனை கடிதத்தில்
நானே தட்டச்சு செய்த வசனம்.

ஏறுவதற்கு நோவில்லை. இறங்கத்தான்.
மூன்றாம் மாடி, லிஃப்ட் ஆடி மாதத்திலிருந்து பழுது.
ஆளில்லாத நேரம் பார்த்து
கைபிடியைப் பற்றிப் பின்பக்கமாக இறங்குகிறேன்.
இரண்டாம் மாடியின் ஒன்றரை வயதுப் பொடியனும்
அப்படித்தான் இறங்குகிறான்.
ஒருநாள் ஒரே படியில் சந்தித்தோம்.
அவன் ஒதுங்கி எனக்கு வழிவிட்டான்.

பிசியோ ஹஷினிக்கு வயது இருபத்தாறு.
சுவரில் முதுகைச் சாய்த்து
இல்லாத கதிரையில் இருக்கச் சொல்கிறாள்.
நாற்பது மட்டும் எண்ணவேண்டும்.
அவள் சிங்களத்தில் எண்ணுகிறாள், நான் தமிழில்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று
என் எண்கள் நீண்டுகொண்டு போக
தொடை நடுங்குகிறது.
இப்போது மட்டும் எனக்கு
அவளுடைய பாஷை வேண்டும்.

போட்டியன்று
சட்டையில் குத்தவேண்டிய இலக்கத்தை
அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.
இனோகா முடித்தாள்.
ருஸைனா முப்பத்திநாலில் வாந்தியெடுத்து, பிறகு முடித்தாள்.
பதக்கத்தைக் கடித்தபடி இருவரும் அனுப்பிய படத்துக்கு
ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன்.
அதை அனுப்ப எனக்கு நாலரை மணித்தியாலம் பிடித்தது.
என் மரதன் அது.

நேற்றுக் கந்தோர் விட்டு வரும்போது
மஞ்சள் கடவையில் பாதி தூரம்.
பச்சை மனிதன் ஐந்து என்றான், நாலு என்றான்.
நூறாம் இலக்க பஸ் நாலுக்கே உறுமத் தொடங்கியது.
கையில் ஒரு பிடி வல்லாரை, தோளில் பை.
மற்றக் கரையில் நின்றபிறகுதான் விளங்கியது,
ஓடியிருக்கிறேன்.
எட்டு அடி, அல்லது ஒன்பது.
சாவியைத் தடவித் தேடுவதுபோல நோவைத் தேடினேன்.
எந்தப் பையிலும் இல்லை.

இரவு பயிற்சிக் கொப்பியைத் தூசி தட்டித் திகதி போட்டேன்.
தூரம்: காலி வீதியின் அகலம்.
(பாதிதான். கிடக்கட்டும்.)
நேரம்: நாலு செக்கன்.

இன்று விடிய கொஞ்சம் வீங்கியிருக்கிறது.
கொஞ்சந்தான்.
ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றி வைத்துக்கொண்டு
ஹஷினியிடம் எதைச் சொல்வது
எதை விடுவது என்று பார்க்கிறேன்.
கடற்கரைப் பக்கம் ரயில் போகிறது.
ஐந்து இருபத்தாறு.
இன்றைக்கு அதுவும் பிந்தித்தான்.