மூன்றாவது மைக்

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று
ஊரெல்லாம் ஏறி இறங்கும் பெட்டிகளைச்
செல்லூர் நடுநிலைப் பள்ளி மைதானத்தில்
நாலு மணிக்கே இறக்கிவிட்டோம்.
ஆண்டு விழா. பாதி வாடகைதான்.
தலைமையாசிரியர் கேட்ட விதம் அப்படி.

பேண்டு வாத்தியத்துக்கு மைக்கே தேவைப்படவில்லை.
ஆறு சைடு டிரம், ஒரு பெரிய டிரம்.
பெரியதைச் சுமந்த பிள்ளை
அதற்குக் கீழே இரண்டு கால்களாக மட்டும் தெரிந்தாள்.
பியூகிள்காரன் சைக்கிளில் விழுந்து
முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்திருந்தான்.
காற்று அந்த வழியாகத் தப்பித்து
உயரம் போகிற இடத்திலெல்லாம்
குக்கர் விசில் அடித்தது.
கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்திருந்தவர்
எழுந்து நின்று கை தட்டினார். நானும் தட்டினேன்.

சேர்ந்திசைக்குத்தான் மைக்.
பெஞ்சு போட்டு மூன்று வரிசை,
நாற்பத்தொரு பிள்ளைகள்.
என்னிடம் இருந்தவை மூன்று.
எஸ்தர் ரஞ்சிதம் டீச்சர் சொன்னார்:
"நல்லாப் பாடுற பிள்ளைக பூராம் இங்கிட்டு, சார்.
மூணாவதை எங்கிட்டாவது வைங்க."
வைத்தேன்.

கூட்டத்துக்குக் கேட்பது ஒரே குரல்.
ஹெட்போன் மாட்டியவனுக்கு அப்படி இல்லை.
ஒன்றாம் மைக்கில் ஒருத்தி
பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவளாக
எல்லோருக்கும் முன்னே ஓடினாள்.
இரண்டாவதில் சளி,
இடையில் "காலை மிதிக்காதடி".
மூன்றாவதைத் தனியாகத் திறந்தேன்.
பக்கத்துப் பிள்ளைகளின் பாட்டு
சாரல் மாதிரி சாய்ந்து விழுந்தது.
நேர் எதிரே ஒன்றுமில்லை.

வயர் போச்சோ என்று ஜாக்கைத் திருகிவிட்டு
நிமிர்ந்து மேடையைப் பார்த்தால்,
கடைசி வரிசை ஓரத்தில் நெட்டையாக ஒரு பையன்
வாயை அகலத் திறந்து, புருவம் உயர்த்தி,
மற்ற நாற்பது பேரைவிட அழகாகப்
பாடாமல் இருந்தான்.

மறு வாரம் சிம்மக்கல் கடைக்கு ஒருவர் வந்தார்.
தறியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்,
முழங்கை முழுக்க நூல் பிசிறு.
"எட்டாப்பு கபிலேஷ் அம்மா. அன்னைக்கு லீவு தரல.
அவன் பாடுனதை மட்டும் தனியா எடுத்துத் தருவீகளாண்ணே?
மைக்கு மைக்காப் பிரிக்கலாம்னு சொன்னாக."
எந்த இடத்தில் நின்றான் என்று கேட்டேன்.
"கடைசி வரிசை, ஓரம். உசரமா இருப்பான்.
இப்பத்தான் தொண்டை உடையுது.
போன் எடுத்தா
அவுக அப்பான்னு நெனச்சுக் கடன் கேக்குறாக."
சிரித்தார்.

கூட்டுப் பாட்டைப் பிரிக்க வராதும்மா,
அதுதான் சொல்லியிருக்க வேண்டியது.
கை பாட்டுக்குப் போய்
மூன்றாம் தடத்தைத் திறந்துவிட்டது.
ஹெட்போனின் ஒரு காதை அவரிடம் கொடுத்து
இன்னொன்றை நான் வைத்துக்கொண்டேன்.

முதல் வரிக்கு முன் ஒரு மூச்சு.
இரண்டாவது வரிக்கு முன் ஒன்று.
அன்று எனக்கு இது கேட்கவில்லை.
இழுக்கிற இடத்தில் இழுத்து,
பிடிக்கிற இடத்தில் பிடித்து,
சரணத்தின் நீள அடியில் நாற்பது பேரும்
பாதியில் அறுந்துபோக,
அவன் ஒருத்தன் மட்டும்
கடைசிவரைக்கும் வைத்திருந்து விடுகிறான்.

"இவன்தான்" என்றார். "தூங்கும்போதும் இப்படித்தான் இழுப்பான்."
கை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினார்.
"இந்தா, மூச்செடுக்கிறான். இப்பப் பாடுவான்."
அடுத்த வரிக்கும் சொன்னார்.
அதற்கடுத்த வரிக்கும்.

மூன்று நிமிடம் பதினெட்டு விநாடி.
தெருவில் தண்ணி லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.
பென் டிரைவைப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு
கொஞ்ச நேரம் நின்றார்.
"கூச்சக்காரப் பய. மெதுவாத்தான் பாடியிருக்கான், என்னண்ணே?"

இருபத்திரண்டு வருசமாகத் தொழில்.
எங்கள் செட்டைப் பற்றி ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லை.

"மைக்கு மந்தம்மா" என்றேன்.
"அந்த மூணாவது மைக்கு எப்பவுமே கொஞ்சம் மந்தம்."