ஞாயிற்றுக்கிழமை புனித இசை

வாசல் பலகை பொய் சொல்கிறது:
இன்று மாலை புனித இசை.
சின்சினாட்டியில் ஞாயிறன்று கூத்து கூடாது, சட்டம்.
நாங்கள் கால்வாய்க்கு இந்தப் பக்கம்.
அதை ரைன் என்கிறோம்,
செத்த பன்றிக்குட்டி மிதந்து போனாலும் ரைன்தான்.

என் இடம் மேடை விளிம்பில் ஒரு பொந்து.
தலைக்கு மேல் சிப்பி போல மரக்கூரை,
மடியில் பிரதி, பக்கத்தில் மெழுகுவர்த்தி.
நடிகர்கள் எனக்கு வெறும் பாதங்கள்.
காதலிக்குக் கால் ஆணி.
அதனால்தான் அவள் பாட்டில் அத்தனை ஏக்கம்.
நோட்நாகலின் வலது பூட்ஸில் ஓட்டை;
உள்ளே திணித்த செய்தித்தாளில்
போன வாரத்துப் பன்றி விலையை வாசித்துவிடலாம்.

சனங்களை நான் பார்த்ததில்லை.
அவர்கள் என் பிடரிக்குப் பின்னால்.
சிரிப்பை வைத்துத்தான் ஆளறிவேன்:
பெர்லின்காரன் வசனம் முடியுமுன்னே சிரிப்பான்;
ஸ்வாபியன், கொடுத்த காசுக்குத் தகுமா என்று யோசித்துவிட்டு.
பிறகு, மூன்று எண்ணும் நேரம் கழித்து,
இங்கே பிறந்த பிள்ளைகள்,
அம்மா காதோடு ஆங்கிலத்தில் சொன்ன பின்பு.
நோட்நாகல் அதற்காகக் காத்து நிற்பான்.
ஒரே வேலைக்கு இரண்டு கூலி, விடுவானா?

கதவருகே ஓரிடத்திலிருந்து மட்டும் சிரிப்பே வராது.
காவலர் மாலக்கி டீர்னி.
ஐரிஷ்காரர், ஜெர்மன் ஒரு சொல் தெரியாதாம்.
அவர் படியேறும் சத்தம் கேட்டதும்
வயலின்கள் வால்ட்ஸிலிருந்து துதிப்பாட்டுக்குத் தாவும்;
ஒரு வாத்துக்காக அடித்துக்கொண்ட மாமியாரும் மருமகனும்
வாத்தை நடுவில் விட்டுக் கைகூப்பி நிற்பார்கள்.
வாத்துக்கு மட்டும் பக்தி வராது.
டீர்னி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாராம்.
கூத்து தொடரும்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.
துறைமுகக் காட்சி. சுங்க அதிகாரி கேட்கிறார்:
"தீர்வை கட்டும்படி என்ன கொண்டுவந்தாய்?"
நோட்நாகல் சொல்ல வேண்டியது ஒரே சொல்,
நூறு தரம் சொன்ன சொல்.
பூட்ஸ் அசையவில்லை.
நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது,
மெழுகுவர்த்தி அணைந்தது.
யாரோ செருமினார்கள்.

"ஹங்கர்"
என்றது கதவருகே ஒரு குரல்.
பசி.

மண்டபம் வெடித்தது.
பெர்லின், ஸ்வாபியா, பிள்ளைகள், எல்லாம் ஒரே நொடியில்,
யாரும் யாருக்கும் மொழிபெயர்க்காமல்.
நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன்.
டீர்னி தொப்பியைக் கழற்றி
அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கமிட்டி கூடியது.
ஆளுக்கு ஜெர்மன் தெரியும், இத்தனை வருஷமும் தெரியும் என்றார் தலைவர்.
அது ஆங்கிலம் என்றார் பொருளாளர்,
இரண்டிலும் ஒரே சொல்தானே,
ஓர் உகரம்தான் வித்தியாசம்.
ஹங்கரா, ஹுங்கரா?
மூன்று குவளை பீர் வரை
அந்த உகரத்தை விசாரித்தார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் தொண்டை.
பதினொரு வருஷமாக எடுத்துக் கொடுக்கிறவள் நான்.
எடுத்துக் கொடுக்கிற குரலில் சொல் மட்டும் இருக்கும்,
ஆள் இருக்க மாட்டான்.
அது எடுத்துக் கொடுத்த குரல் அல்ல.
சுங்க அதிகாரி
அவரைத்தான் கேட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில்
நோட்நாகல் வேண்டுமென்றே நின்றான்.
பூட்ஸின் மூக்கு கதவைப் பார்த்தது.
மூன்று வரை எண்ணினேன்.
ஏழு வரை.
பிறகு, வேறு வழியில்லாமல்,
நானே சொன்னேன்.